செல்லூர் வீட்டுக் கைத்தடிச் சத்தம்

பேய் வீடு என்று சொல்லப்படும் இடங்களைப் போய்ப் பார்க்கும் நம் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர், போன கூட்டம் முடிந்து என்னை வீட்டில் விட வந்தபோது வழியில் ஒரு கேள்வி கேட்டார்: "சத்தம் எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சிட்டா நம்ம வேலை முடிஞ்சதுதானே அம்மா?"

பஸ் இரைச்சலில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன். நின்ற நிலையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒலிப்பதிவுக் கருவியை எந்த மூலையில் வைப்பது, காமிராவை எந்தக் கோணத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் எங்களிடம் இருந்தது ஒரு டார்ச் விளக்கும், இரண்டு காதும்தான். நான் சொல்ல வந்தது வேறு.

இரண்டாவது உலக யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. நான் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். கீழமாசி வீதியில் ஒரு டாக்டர் இருந்தார். தன் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனவர், அதனால் டாக்டர் என்றே சொல்கிறேன். சாயங்காலம் நோயாளிகள் எல்லாம் போன பிறகு அவருடைய மருந்து அறை பெஞ்சில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். ஒரு வக்கீல், கட்டட ஓவர்சியர் ஒருவர், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தவர், அப்புறம் நான். தெருமுனையில் விற்கிற பருத்திப்பால் சூடாக வரும். அந்தக் கருப்பட்டி வாசனையும் டாக்டர் அறையின் டிங்சர் வாசனையும் சேர்ந்து வருகிற ஒரு மணம் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயது குறைந்துவிடும்.

பேய், பிசாசு, கல் விழுகிறது, விளக்கு தானாக அணைகிறது என்று யார் வந்து சொன்னாலும் போய்ப் பார்ப்போம். ஊரில் எங்களுக்குப் 'பேய்க் கமிட்டி' என்று பெயர். ஜட்கா வண்டிக்காரர்கள் எங்களை ஏற்றிக்கொள்ள யோசிப்பார்கள். "போற எடத்துல எறக்கி விட்ருவேன், திரும்பக் கூட்டியார மாட்டேன்" என்று முதலிலேயே பேசிக்கொள்வார்கள். என்னைக் கமிட்டியில் சேர்த்ததற்குக் காரணம் எளியது. இந்த மாதிரி வீடுகளில் பாதி விஷயம் அடுப்படியில்தான் இருக்கும். ஆண்கள் அங்கே போக முடியாது.

செல்லூர் வீட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் திருப்பரங்குன்றத்தில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இது விளங்காது.

அங்கே ஒரு வீட்டில் புதிதாக வந்த மருமகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பேய் வந்தது. புருஷனின் முதல் மனைவி இறந்துபோனவள், அவள் குரலில் இந்தப் பெண் பேசுவாள். தெருவே கூடி நிற்கும். நம் வக்கீல் தனியாகப் போனார். கூட்டத்தின் நடுவில் நின்று, இறந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு மூன்று சங்கதிகளைக் கேட்டார். அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டாள். தெரு சிரித்தது. வக்கீல் கேஸை ஜெயித்தவர் மாதிரி பெஞ்சுக்கு வந்து கதையைச் சொன்னார்.

டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "அது பேய் இல்லைன்னு சொல்லிட்டீங்க. சரிதான். அந்தப் பொண்ணு எதுக்காகப் பேயா இருந்தாள்னு கேட்டீங்களா?" என்றார்.

வக்கீல் கேட்கவில்லை. மறுநாள் நான் போய் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் பேசினேன். அந்த வீட்டில் அவளுக்கு வயிறாரச் சோறு கிடைத்தது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். செத்தவள் குரலில் கேட்டால் பயந்து போட்டார்கள். அன்றைக்கு யாரும் அவளை அடிக்கவும் மாட்டார்கள். இப்போது அந்த ஒரு நாளும் போய்விட்டது. ஏமாற்றுக்காரி என்று வீட்டை விட்டுத் துரத்தியிருந்தார்கள். தகப்பன் வீட்டிலும் கதவு திறக்கவில்லை.

வக்கீல் நல்ல மனுஷர். அன்றைக்கே வண்டி வைத்துக்கொண்டு தேடிப் போய், கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் அவளுக்கு ஆயா வேலை கிடைத்தது. நன்றாகவே இருந்தாள். ஆனால் அவள் நன்றாக இருந்ததற்கு நாங்கள் காரணம் இல்லை, அதிர்ஷ்டம் காரணம். அதற்குப் பிறகு டாக்டர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். கண்டுபிடித்ததை, யாருடைய வாழ்க்கை அதில் மாட்டிக்கொண்டிருக்கிறதோ அவரிடம்தான் முதலில், தனியாகச் சொல்ல வேண்டும். ஊருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இனி செல்லூர்.

வைகைக்கு வடகரையில், கோரிப்பாளையம் தாண்டி, மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்த ஒரு குடும்பம். மூத்த மருமகள் பேச்சிக்குத் தலைப்பிரசவம். நான்தான் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நர்ஸம்மா, சாயங்காலம் ஆனா மாமா நடக்குறாக. எனக்குப் பயமா இருக்கு. வெளிய சொன்னா அத்தை வருத்தப்படும்."

மாமா என்று அவள் சொன்னது மாமனார் அழகரை. இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவரே நின்று கட்டிய, மர உத்திரத்தின் மேல் காரைத் தளம் போட்ட மச்சு வீடு அது. கடைசிக் காலத்தில் கைத்தடி ஊன்றி, கூடத்துக்கும் நடுஅறைக்குமாக நடந்துகொண்டே இருப்பாராம். அவர் போன சில மாதத்தில், பொழுது இறங்குகிற நேரத்தில் நடுஅறையில் அதே சத்தம் கேட்க ஆரம்பித்தது. டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக்.

அவருடைய மனைவி ராக்காயி பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார். தினமும் அந்த நேரத்தில் நடுஅறையில் விளக்கேற்றி, அவருடைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நாளில் மேலேயிருந்து மெல்லிசாக வெள்ளைப் பொடி விழ ஆரம்பித்தது. அழகர் அனுப்புகிற திருநீறு என்று அதை ஒரு கிண்ணத்தில் சேர்த்தார்கள். அக்கம்பக்கத்தார் வந்து நெற்றியில் பூசிக்கொண்டு போனார்கள்.

நான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஓவர்சியரும் வந்தார். ராக்காயி எங்களை நன்றாகத்தான் வரவேற்றார். "பாருங்க, நல்லாப் பாருங்க. அவுக யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டாக" என்றார்.

டாக்டர் அந்தக் கிண்ணத்துப் பொடியை அனுமதி கேட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நெறுநெறுவென்று சுண்ணாம்பு, நடுவே மாவு மாதிரி மரத்தூள். ஓவர்சியர் ஏணி போட்டு உத்திரத்தின் முனையைத் தட்டிப் பார்த்தார். சுவருக்குள் போகிற இடத்தில் கரையான் முழுக்கத் தின்றிருந்தது. வெளியே பார்க்க முழுமரம், உள்ளே கூடு. பகல் வெயிலில் காய்ந்த மச்சு, பொழுது இறங்கிக் குளிரும்போது அந்த முனை கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அதுதான் டொக்.

"மழை பிடிச்சா மச்சு தண்ணி குடிச்சுக் கனக்கும். இந்த உத்திரம் தாங்காது" என்றார் ஓவர்சியர்.

வழக்கப்படி டாக்டர் ராக்காயியிடம் தனியாகச் சொன்னார். நானும் கூட இருந்தேன். ராக்காயி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கரையான் அரிக்கிறது நெசமா இருக்கலாம். அதுக்காக அவுக வரலைன்னு ஆயிருமா?" என்றார்.

டாக்டர் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

மூத்த மகன் மாயாண்டி, பேச்சியின் புருஷன், எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டான். "வருஷத் திதி வருது. அது முடியவும் முட்டுக் குடுத்து, வேற உத்திரம் மாத்திருவோம். அது வரைக்கும் அந்த அறையில யாரும் படுக்க மாட்டோம்" என்றான். அந்த அறையில் கம்பு நட்டு முட்டுக் கொடுக்க ஆத்தா இப்போது சம்மதிக்காது, அவர் நடக்கிற வழியை மறிப்பதாக நினைக்கும் என்றும் சொன்னான். திதிக்கு வருகிறவர்கள் எல்லோரும் வெளியே பந்தலில்தான் உட்காருவார்கள் என்று உறுதி சொன்னான். டாக்டருக்குத் திருப்தி இல்லை. ஆனால் வீடு அவர்களுடையது. அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

திதியன்று ஐப்பசி மழை காலையிலேயே பிடித்துக்கொண்டது. அது நின்று பெய்கிற மழை. பேச்சிக்குக் கால் வீங்கியிருந்ததால் அன்று மதியத்துக்கு மேல் நான் பார்க்கப் போனேன். பந்தல் தண்ணீர் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. வந்த சனம் மொத்தமும் உள்ளே. கூடம் நிறைந்து, நடுஅறையும் நிறைந்து, அழகரின் துண்டும் கைத்தடியும் வைத்த இடத்தைச் சுற்றித் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ராக்காயி உத்திரத்துக்கு நேர் கீழே.

சத்தம் பொழுது இறங்கக் காத்திருக்கவில்லை. பேச்சுக்கு நடுவே டொக், உடனே இன்னொரு டொக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கும்பிட்டார்கள். "சனத்தப் பாத்ததும் கெழவருக்கு அம்புட்டு சந்தோசம்" என்று யாரோ சொன்னார்கள். பொடி இப்போது சிட்டிகை சிட்டிகையாக இல்லை, சுவர் ஓரமாக ஒரு கோடு போல இறங்கியது. நான் நடுஅறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன். வழக்கமாக ஒரு விரலால் தள்ளினால் சாத்துகிற கதவு. நிலையில் இறுகி நின்றது, அசையவில்லை. மேலே சுமை இறங்கினால் நிலை அழுந்திக் கதவு இறுகும் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார்.

இளைய மகன் முத்து வாசலில் செருப்புகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவனைச் சைக்கிளில் டாக்டரிடம் அனுப்பினேன். மாயாண்டியைக் கூப்பிட்டுக் கதவைக் காட்டினேன். அவன் முகம் மாறியது. "இம்புட்டுப் பேரையும் மழையில எப்பிடி நர்ஸம்மா எந்திரிக்கச் சொல்றது? ஆத்தா எந்திரிச்சாத்தான் சனம் எந்திரிக்கும். ஆத்தா எந்திரிக்காது" என்றான். போய்ச் சொல்லியும் பார்த்தான். ராக்காயி கையை மட்டும் அசைத்து அவனை உட்காரச் சொன்னார். நான் பேச்சியை எழுப்பி, தலைக்கு மேல் முந்தானையைப் போட்டு, மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அது தகரம் வேய்ந்த தனிக் கொட்டகை, பயமில்லை. மற்றவர்களை என்ன செய்வது?

டாக்டர் முத்துவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, நனைந்து வந்து இறங்கினார். ஒரு நிமிஷம் மேலே பார்த்தார், கதவைப் பார்த்தார். அப்போதுதான் முத்து என் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான்:

"நர்ஸம்மா, நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். 'அழகரு எல்லாரையும் வெளிய போகச் சொல்றாரு'ன்னு சொல்லுங்க. உங்க வாயில வந்தா ஆத்தா நம்பும். அடுத்த நிமிசம் எந்திரிச்சிரும்."

உண்மை. ராக்காயிக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஒரே ஒரு வாக்கியம். எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை, மருந்தாகத் தோன்றியது. நான் உள்ளே போகத் திரும்பினேன். டாக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"என்ன சொல்லப் போறே?"

சொன்னேன்.

"வேண்டாம்மா."

"இப்ப இதப் பேச நேரமில்லை டாக்டர். உத்திரம் காத்திருக்குமா?"

"இன்னிக்கு அழகர் பேர்ல நீ பேசினா, இந்தக் கூட்டம் முழுக்க கேட்கும். நாளைக்கு ஜுரத்துக்கு மருந்து குடுக்கலாமான்னு அழகரைக் கேளுன்னு உன்கிட்ட வருவாங்க. பேச்சிக்கு வலி எடுக்கும்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமான்னு அழகரைக் கேளும்பாங்க. என்ன செய்வே?"

"நாளைக்கு இருந்தாத்தானே கேப்பாங்க!" என்று கத்திவிட்டேன். டாக்டரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

அவர் கோபப்படவில்லை. "நீ சொல்றதும் சரி" என்றார். "நான் ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன். அந்தம்மா எழுந்திருக்கலைன்னா, நான் உன்னைத் திரும்பிப் பார்ப்பேன். அப்ப நீ என்ன சொல்லணுமோ சொல்லு. அதோட பழி என்னோடது."

செருப்பைக் கழற்றினார். அவ்வளவு கூட்டத்தையும் தாண்டிப் போய், ராக்காயிக்கு எதிரே, அந்த உத்திரத்துக்குக் கீழேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பொடி அவர் தலையில் விழுந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் நிலைப்படியில் நின்றேன். என் தொண்டையில் அந்த ஒற்றை வாக்கியம் தயாராக இருந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் வர்றாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். இந்த உத்திரம் இறங்குது. அது எனக்குத் தெரியும்" என்றார்.

அறை அமைதியாகிவிட்டது. டொக்.

"ஒண்ணு கேக்கிறேன். அவர் உசுரோட இருக்கும்போது, இப்படி ஒரு சத்தம் வீட்டுல கேட்டா என்ன செய்வார்?"

அந்தக் கேள்வி ராக்காயியை எங்கோ கொண்டுபோனது. முகம் இளகியது தெரிந்தது. "ஆத்துல வெள்ளம் வந்த வருசம்" என்று ஆரம்பித்தார். "பழைய வீட்டுல இருந்தோம். செவரு நெறுநெறுன்னுச்சு. நான் அடுப்பப் பாக்குறேன், பானையப் பாக்குறேன். அவுக ஒண்ணையும் பாக்கல. மொதல்ல கன்னுக்குட்டியளைத் தும்பு அறுத்து வெளிய பத்துனாக. அப்புறம் என் கையப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துட்டுப் போனாக. 'சாமி படம்'ன்னேன். 'சாமி தன்னப் பாத்துக்கிரும், நீ வா புள்ள'ன்னாக."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டது போல நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். இத்தனை மாதமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவர், அன்றைக்குத்தான் அந்த மரத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "பேச்சி எங்க?" என்றார்.

"கொட்டகையில இருக்கா" என்றேன்.

"எல்லாரும் வெளிய போங்க. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுப் போங்க. எலையெல்லாம் கெடக்கட்டும். மாயாண்டி, ஒவ்வொருத்தராப் போகச் சொல்லு, இடிச்சுக்கிறாம."

அவர் கடைசியாகத்தான் வருவேன் என்று நின்றார். டாக்டர் அவருக்கும் பின்னால். கைத்தடியை எடுக்கக் குனிந்த உறவினர் ஒருவரை ராக்காயியே அதட்டி வெளியே அனுப்பினார்.

வீடு விழவில்லை.

இந்த வேலையில் அதைவிடக் கஷ்டமான நேரம் கிடையாது என்பதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மழையில் அத்தனை சனம் நிற்கிறது. குழந்தைகள் அழுகின்றன. சமைத்த சோறு உள்ளே. வீடோ மலை மாதிரி நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. "பேய்க் கமிட்டி பேச்சைக் கேட்டு திதியக் கெடுத்துட்டாக." "செத்தவரப் பட்டினி போட்டு நிக்கோம்." ஒருவர் மாயாண்டியின் தோளைத் தட்டி, "என்ன மாப்ள, உங்க வீட்டுக்குள்ள போக உங்களுக்கே பயமா?" என்றார். மாயாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போக அடி எடுத்து வைத்தான். டாக்டர் வாசற்படியில் போய் நின்றார். ஒல்லியான மனுஷர். மாயாண்டி ஒரு கையால் ஒதுக்கிவிடலாம்.

"விழலைன்னா என்ன செய்வீக?" என்றான் மாயாண்டி.

"நாளைக்கு ஓவர்சியர் வந்து முட்டுக் குடுத்தப்புறம், ஊர் முன்னாடி வந்து நான் சொன்னது தப்புன்னு சொல்றேன். சந்தோஷமாச் சொல்றேன். இன்னிக்கு உள்ளே போகாதே" என்றார்.

ராக்காயி கொட்டகையிலிருந்து, "மாயாண்டி, இங்கிட்டு வா" என்று ஒரு குரல் கொடுத்தார். அவன் திரும்பினான். அன்று ராத்திரிக்குப் பக்கத்து வீடுகளில் இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை மழை வெறித்து, நல்ல வெயில். கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தபோது, நடுஅறை மச்சு மொத்தமாக உள்ளே இறங்கியதாம். நானும் டாக்டரும் போனபோது தூசி அடங்கியிருந்தது. கூடத்துச் சுவர்கள் நின்றன. நடுஅறை இருந்த இடத்தில் இடுப்பளவு காரையும் செங்கலும். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. முத்து சிரிக்கவும் அழவும் தெரியாமல் நின்றான். மாயாண்டி டாக்டரின் கையைப் பிடித்தவன் விடவில்லை.

ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அழகர் தன் பொண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டார் என்றுதான். ராக்காயியும் டாக்டரிடம், "அவுகதான் உங்கள அனுப்பி வச்சாக" என்றார். பெஞ்சில் வக்கீல் கொதித்தார். கரையான் கதையை நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்க ஒட்ட வேண்டும் என்றார்.

"அந்தம்மாகிட்ட நமக்குத் தெரிஞ்சதைச் சொல்லியாச்சு. உத்திரத்தையும் காட்டியாச்சு. அதுக்கு மேல தன் புருஷனைப் பத்தி அவங்க என்ன நினைச்சுக்கணும்னு சொல்ல நாம யாரு?" என்றார் டாக்டர்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் சில நாளில் சனம் அந்த இடிபாட்டுக்கு வந்து சுண்ணாம்புப் பொடியை அள்ள ஆரம்பித்தது. உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தகப்பன், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பொடியைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டப் பார்த்தார். பேச்சியைப் பார்க்கப் போயிருந்த நான் அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கிவிட்டேன். தகப்பன் என்னை அடிக்கவே கை ஓங்கினார். ஓடிவந்த ராக்காயி நடுவில் புகுந்தார்.

"அது என் வீட்டுச் சுண்ணாம்பு, தம்பி. கரையான் அரிச்சு உதிர்ந்தது. டாக்டரய்யா காமிச்சாரு, நானே தேச்சுப் பாத்தேன். செவருக்கு ஆகும், வகுத்துக்கு ஆகாது. பிள்ளய நர்ஸம்மாகூட ஆசுபத்திரிக்குக் கொண்டு போ."

அந்தக் குழந்தை பிழைத்தது. ராக்காயி அன்றே மகன்களை விட்டு அந்தப் பொடியை எல்லாம் அள்ளி, கட்டப்போகும் சுவருக்குச் சாந்தோடு சேர்க்கச் சொல்லிவிட்டார். இதை எந்த நோட்டீஸும் செய்திருக்காது. அவரைப் பொய் சொல்லி எழுப்பியிருந்தால், அன்றைக்கு அவரே கிண்ணத்தில் அள்ளிக் கொடுத்திருப்பார்.

தை மாதம் பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி கண்டதும் யாரையும் எதையும் கேட்காமல் ராக்காயியே வண்டி கட்டச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது வெகுநேரம் அதன் முகத்தையே பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்கப்போவது போல வாயைத் திறந்தார். பிறகு சிரித்து, "ஒண்ணுமில்ல நர்ஸம்மா. மூக்கு அவுக மூக்கு" என்றார். மகன்கள் இருவருக்கும் இருந்த அதே மூக்குதான், நானும் ஆமென்றேன்.

குழந்தையைப் பார்க்க டாக்டரும் ஒரு நாள் செல்லூர் வந்தார். திரும்பும்போது பாலத்துக்குப் போகாமல் ஆற்று மணலில் இறங்கி நடந்தோம். தண்ணீர் ஓரமாக ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. சாயம் தோய்த்த நூலை மணல் முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் காயப் போட்டிருந்தார்கள். அந்த மணலும் அந்த நிறங்களும் இப்போது இல்லை. வெகுநாளாக மனதில் இருந்ததை அங்கேதான் கேட்டேன்.

"அன்னிக்கு அந்தம்மா எழுந்திருக்கலைன்னா, நிஜமாவே என்னைப் பொய் சொல்ல விட்டிருப்பீங்களா டாக்டர்?"

"விட்டிருப்பேன். அத்தனை உசுர் இருக்கே."

"அப்புறம் எதுக்கு என்னைத் தடுத்தீங்க?"

"பொய் சொல்லி வெளியே கொண்டுவந்திருந்தா, மறுநாள் அந்தம்மா முன்னாடி போய் உட்காரணும். 'நேத்து நீங்க கேட்டது உங்க வீட்டுக்காரர் வார்த்தை இல்லை, எங்க வார்த்தை'ன்னு சொல்லணும். அப்ப அந்த முகத்தைப் பார்க்கணும். உன்னால முடிஞ்சிருக்குமா?"

நான் காய்கிற நூலை மிதிக்காமல் ஒதுங்கி நடந்தேன்.

"என்னால முடிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். "அதுக்குப் பயந்துதான் உத்திரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தேன்."